மகளின் பிறப்பைப் பதியத் தவறினோம்: மலாவி ஊழியத்தில் நாங்கள் கொடுத்த விலை

மதுரை திருநகரில் பிறந்து வளர்ந்த நான், 2021ஆம் ஆண்டு அக்டோபரில் கணவரோடும் ஆறு வயது மகனோடும் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்குப் புறப்பட்டேன். ஸோம்பா நகரத்தை அடுத்த ஒரு சிறிய வேதாகமப் பள்ளியில் கிராமப் போதகர்களுக்கு வேதம் கற்பிக்க என் கணவர் அழைக்கப்பட்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே அங்கே இருந்தோம். அந்த ஊழியத்தைப் பற்றி எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. ஆனால் எங்கள் அறியாமையினால் ஒரு காகிதத்தைத் தவறவிட்டு, ஏறத்தாழ பத்து மாதங்கள் ஊருக்குத் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டோம். அந்த மாதங்களுக்குள்தான் என் தாயார் மதுரையில் இறந்துபோனார்கள். புறப்படுமுன் யாராவது ஒருவர் எங்களை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

மதுரைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மிஷனெரிகளின் கதைகளைக் கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. 1834இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனெரிகள், பசுமலையில் அவர்கள் நடத்திய பள்ளி, காலராவுக்கும் வெயிலுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கொடைக்கானல் மலையில் வீடு கட்டிக்கொண்டது, பிறகு 1901இல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி தொடங்கியது, எல்லாவற்றையும் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் தியாகம் இருந்தது, கல்லறைகள் இருந்தன, ஜெபம் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் கணக்கு எழுதவும் கப்பல் டிக்கெட் எடுக்கவும் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கவும் ஒரு பெரிய சங்கமே இருந்தது என்பதை யாரும் கதையாகச் சொல்லவில்லை. நாங்கள் போனபோது எங்களுக்குப் பின்னால் இருந்தவை இருபத்துமூன்று குடும்பங்களும் மூன்று சபைகளும், மாதந்தோறும் இவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுத்த வாக்குறுதி அட்டைகள் மட்டுமே. மாதம் 45,000 ரூபாய் வருவதாக இருந்தது. முதல் ஆண்டு ஓரளவு வந்தது. இரண்டாம் ஆண்டு நடுவில் அது 28,000 ரூபாயாகக் குறைந்தது. கொடுத்தவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார், ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவருக்கு நெஞ்சுவலி வந்து அறுவைச் சிகிச்சை. ஆனால் வாக்குறுதித் தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிலைக்கும் என்று வைத்துக்கொண்டே குடும்ப வரவுசெலவைத் திட்டமிட வேண்டும் என்று இப்போது எவரிடமும் துணிந்து சொல்வேன்.

ஊழியத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கவனம் முழுவதும் எங்கே போயிற்று என்பது அதில் இருக்கிறது. அங்கே கற்க வந்தவர்கள் பத்தொன்பது பேர்; எல்லாரும் மக்காச்சோளம் பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர்கள். நவம்பரில் மழை தொடங்கினால் வகுப்பு தானாகவே நின்றுவிடும். விதைப்பை விட்டுவிட்டு எந்த மனிதனும் ரோமர் நிருபம் படிக்க வரமாட்டான். முதல் ஆண்டு என் கணவர் நம்மூர்க் கல்லூரிக் கால அட்டவணையையே அங்கே கொண்டுபோய், நவம்பரில் தேர்வு வைத்தார். இரண்டே பேர் வந்தார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் ஜூன் முதல் அக்டோபர் வரை முக்கியமான பாடங்களை வைத்துக்கொள்ளக் கற்றோம். அங்கே பேசப்படும் சிச்சேவா மொழியில் ஆடு மேய்ப்பவனையும் போதகரையும் 'ம்புசா' என்ற ஒரே சொல்லால் அழைப்பார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யோவான் பத்தாம் அதிகாரத்தை ஒரு வாரம் முழுவதும் அவர்கள் பேசினார்கள். என் கணவர் அந்த வாரம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று சொல்வார். மொழிபெயர்ப்பாளரை நம்பியே ஓராண்டைக் கழித்ததுதான் எங்களுக்கு வருத்தம். முதல் ஆறு மாதங்கள் எந்தப் பாடமும் எடுக்காமல் மொழியை மட்டும் படிக்க அனுப்புகிறவர்களிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நாங்கள் கேட்கவில்லை.

2022 ஜூலையில் எங்கள் மகள் பிளான்டயர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்தாள். சுகப்பிரசவம். மருத்துவமனையில் முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்தார்கள். அதுதான் பிறப்புச் சான்றிதழ் என்று நினைத்து வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன். அது வெறும் பிறப்பு அறிக்கை. அதைக் கொண்டுபோய் அரசுப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் உண்மையான சான்றிதழ் வரும் என்பது எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய அறியாமை ஒன்று இருந்தது. தாயும் தகப்பனும் இந்தியக் குடிமக்கள் என்றால் பிள்ளை எங்கே பிறந்தாலும் தானாகவே இந்தியக் குடியுரிமை வந்துவிடும் என்று நாங்கள் இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பின் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வந்த பிறகுதான் பதிவு செய்ய முடியும். வெளிநாட்டில் பிள்ளை பெறப்போகிற ஒவ்வொரு தம்பதியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய விதி இது ஒன்றுதான் என்று சொல்வேன்.

அந்த ஓராண்டு எப்படிப் போயிற்று என்று நினைத்துப் பார்த்தால் இன்றும் எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்த மழைக்காலத்தில் நாடு முழுவதும் காலரா பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் மாணவர்களில் இருவர் தங்கள் வீட்டில் பிணம் விழுந்த மறுவாரம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைத் தாக்கியது. பிளான்டயர் மலைச்சரிவுகளில் மண் சரிந்து வீடுகளோடு மக்களை மூடிவிட்டது, பாலங்கள் போயின, எங்கள் வகுப்பறைகளில் முப்பத்தைந்து குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்தன. ஜூன் வரைக்கும் சமைப்பதும் பகிர்வதும் அடக்க ஆராதனை நடத்துவதுமாகவே நாட்கள் போயின. தலைநகர் லிலொங்வேயிலுள்ள தூதரகத்துக்குப் போக எங்கள் இடத்திலிருந்து பேருந்தில் அரைநாள் ஆகும். 'மழை முடியட்டும்', 'அறுவடை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போடுகிற காரியத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது என்பதே தெரியாதவர்களுக்கு அவசரம் எங்கிருந்து வரும்? அவளுடைய முதல் பிறந்தநாளை அந்த 2023 ஜூலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். அந்த நாளோடு காலக்கெடு முடிந்தது.

செப்டம்பரில் அண்ணன் மதுரையிலிருந்து கூப்பிட்டான். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் தொடங்கியிருந்தார்கள். "அம்மா ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்ப வர்றே?" என்றான். நான் உடனே டிக்கெட் எடுக்கச் சொல்லி, தெரிந்த ஒருவர் மூலமாகக் குறைந்த விலையில், பணம் திரும்பாத டிக்கெட்டுகளை எடுத்துவிட்டோம். மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க லிலொங்வேக்குப் போனபோதுதான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகத் தேதியைக் கணக்குப் பார்த்து, "ஓராண்டு தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டதே" என்றார். பதிவு இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் கிடையாது. டிக்கெட்டுகளில் 78,000 ரூபாய் அப்படியே போயிற்று. பாஸ்போர்ட் கையில் வராமல் ஒரு பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கவே கூடாது என்பதை அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றேன்.

அதோடு முடியவில்லை. அரசுச் சான்றிதழை அவசரமாக வாங்கினோம். அதில் பெயர்கள் எல்லாம் தவறாக இருந்தன. தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் கணவரின் பாஸ்போர்ட்டில் அவருடைய தகப்பனார் பெயர் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. என்னுடைய பாஸ்போர்ட்டோ கல்யாணத்துக்கு முன் எடுத்தது; அதில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருந்தது, கணவர் பெயரும் இல்லை. மருத்துவமனை எழுத்தருக்கு ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். பிரசவ வலியோடு இருந்த என்னிடம் 'குடும்பப் பெயர்?' என்று கேட்டார். நான் என்ன சொன்னேனோ தெரியாது. முடிவில் என் பெயருக்குப் பின்னால் என் மாமனார் பெயரும், குழந்தையின் தகப்பன் என்ற இடத்தில் என் கணவர் பெயருக்குப் பதிலாக மாமனார் பெயருமாக ஏறியிருந்தது. அந்த ஒரு தாளின்படி என் மாமனாரே என் மகளுக்குத் தகப்பன். அதைத் திருத்துவதற்குப் பிரமாணப் பத்திரங்கள், எங்கள் திருமணச் சான்றிதழ், மருத்துவமனையின் கடிதம் என்று மூன்று மாதங்கள் ஓடின. திருமணச் சான்றிதழின் மூலப் பிரதி திருநகர் வீட்டு பீரோவில் இருந்தது. அண்ணன் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைவதற்கு நடுவில் அதைத் தேடி எடுத்து கூரியரில் அனுப்பினான்.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவருடைய பாஸ்போர்ட்டிலும் மற்றவர் பெயர் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இடத்தில் என்ன இருக்கிறதோ அதே எழுத்துகள்தான் எல்லாத் தாள்களிலும் வரவேண்டும். கருவுற்றிருக்கும்போதே இரண்டு பாஸ்போர்ட்டுகளின் நகலையும் மருத்துவமனைக் கோப்பில் பின் குத்தி வைத்துவிடுங்கள். எழுத்தர் கேட்கும்போது வாயால் சொல்லாமல் நகலைக் காட்டுங்கள். தேவாலயத்தில் நடந்த கல்யாணம்தானே என்று இராமல், திருமணப் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதிகள் இரண்டை வாங்கி, ஒன்றில், வெளிநாட்டிலும் அந்தத் தாள் செல்லும் என்று சான்று தரும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற்றுக் கையோடு கொண்டுபோங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் வாங்க நாங்கள் சென்னைக்கு இரண்டு முறை போனோம். அதே பையில் கல்யாணச் சான்றிதழையும் வைத்திருந்தால் கூடுதல் செலவு மிகச் சிறியதாக இருந்திருக்கும்.

நவம்பரில் இன்னொரு அடி விழுந்தது. பள்ளியிலிருந்து என் கணவருக்குக் கிடைத்த சிறு படித்தொகையை உள்ளூர் வங்கியில் மலாவி நாணயமான குவாச்சாவாகவே சேர்த்து, திரும்பி வரும் டிக்கெட்டுக்கென்று 12 லட்சம் குவாச்சா வைத்திருந்தோம். ஆயிரம் டாலருக்குச் சற்று மேலே. அந்த மாதம் ஒரே நாளில் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,180 குவாச்சாவாக இருந்தது 1,700 ஆனது. எங்கள் சேமிப்பு காலையில் ஆயிரம் டாலர், மாலையில் எழுநூறு. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே ஒருமுறை 25 சதவீதம் குறைத்திருந்தார்கள். அதைக் கண்ணால் கண்ட பிறகும் நாங்கள் மாற்றி வைக்கவில்லை. திரும்பிவரும் டிக்கெட்டுக்கான பணம் புறப்படும் நாளிலேயே இந்தியாவில், ரூபாயில், ஒருவரும் தொடாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தத் தொகை சேராமல் அனுப்பமாட்டோம் என்று அனுப்புகிறவர்களே சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் போகிறவர்கள் கேட்க வேண்டும்.

திருத்திய சான்றிதழோடு டிசம்பரில் இணையத்தில் விண்ணப்பம் போட்டு, தாமதத்துக்கான காரணத்தை எழுதி, மறுபடியும் லிலொங்வே போய் எல்லாத் தாள்களையும் கொடுத்துவிட்டு வந்தோம். மத்திய அரசின் அனுமதிக்காகக் கோப்பு டெல்லிக்குப் போகும், எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் மட்டும் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான் தினமும் கேட்டுக்கொண்டேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, பால் மறக்கவில்லை, ஜனவரியில் மலேரியா வந்து எழுந்திருந்தாள். 'இந்த மாதம் வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு மாதமும் காத்திருந்தேன். 2024 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அம்மா போய்விட்டார்கள். அடக்க ஆராதனையை அண்ணன் மகன் போனில் காட்டினான். அம்மாவுக்கு அரக்குக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். கையில் தேய்ந்துபோன பாட்டுப் புத்தகம். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைத்தபோது எல்லாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அங்குள்ள சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஆறு பேர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னோடு தரையில் உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் துக்கத்துக்கு வருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். அவர்கள் விடியும்வரை போகவில்லை.

அந்த மாதங்களில் ஒருநாள் என் கணவர் அப்போஸ்தலர் இருபத்திரண்டாம் அதிகாரம் நடத்தினார். பவுலை வாரினால் அடிக்கக் கட்டும்போது, தான் பிறப்பினாலேயே ரோமக் குடிமகன் என்று அவர் சொல்லித் தப்பிக்கிற இடம். வயது முதிர்ந்த ஒரு மாணவர், "பவுல் தேவனை நம்பினாரா, ராயனுடைய காகிதத்தை நம்பினாரா?" என்று கேட்டார். என் கணவர் பதில் சொல்ல முடியாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு, "தேவன் தனக்குக் கொடுத்திருந்த காகிதத்தை அவர் வெட்கப்படாமல் எடுத்துக் காட்டினார்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் கண்கலங்கினார். நாங்கள் இருவரும் வருடக்கணக்காக வேறுவிதமாக நம்பியிருந்தோம். பணத்தைப் பற்றிக் கேட்பது, காகிதத்தைப் பற்றிக் கவலைப்படுவது, பிள்ளையின் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் கேட்பது எல்லாம் விசுவாசக் குறைவு என்று நினைத்து, அவற்றையெல்லாம் ஜெபத்தில் வைத்துவிட்டு எழுந்துபோவதையே பக்தி என்று எண்ணினோம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே சொன்னதை நாங்களே எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம்.

இன்னொன்றையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய ஜெப மடல்களில் இந்தத் துன்பத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கை, புயல் நிவாரணம், மாணவர்களின் புகைப்படம் மட்டும். மகளின் பதிவைத் தவறவிட்டதைச் சொன்னால் பொறுப்பற்றவர்கள் என்று நினைத்து, பணம் கொடுத்துத் தாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள் என்று பயந்தேன். அம்மா இறந்த பிறகுதான் மனம் உடைந்து எல்லாவற்றையும் நீளமாக எழுதினேன். அந்த மடலைப் படித்த எங்கள் சபை மூப்பர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசு அலுவலர், மறுநாளே கூப்பிட்டு, விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டு, யாருக்கு எப்படி நினைவூட்டல் கடிதம் எழுத வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதங்களுக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம். சபையில் அப்படிப்பட்டவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் காணிக்கை கேட்போமே தவிர இப்படிப்பட்ட உதவியைக் கேட்பதில்லை.

மே மாத இறுதியில் அனுமதி வந்தது. ஜூனில் பதிவும் பாஸ்போர்ட்டும் கிடைத்தன. ஜூலையில், மகளுக்கு இரண்டு வயது நிறைந்த வாரத்தில், மதுரை விமான நிலையத்தில் இறங்கினோம். ஐந்து முறை லிலொங்வே பயணம், பிரமாணப் பத்திரங்கள், கூரியர், வீணான டிக்கெட், கரைந்த சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1,90,000 ரூபாய். மகனுக்கு நான்காம் வகுப்பில் இடம் கிடைத்தது. ஆனால் தமிழ் பேசுகிறவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்பது தெரிந்திருந்தும், இரவு ஜெபத்தில் அவனைத் தமிழ் வேதாகமத்தில் இரண்டு வசனம் வாசிக்கவைக்க எனக்கு அந்நாட்களில் தோன்றவில்லை. அந்தப் பழக்கத்தை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். மாற்கு சுவிசேஷத்தில் ஏழாம் அதிகாரம்வரை வந்திருக்கிறான்.

போன மாதம், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேதபாடம் நடத்தப் போகவிருக்கும் ஒரு இளம் தம்பதி எங்கள் வீட்டுக்கு ஜெபம் பண்ணிவிட்டுப் போக வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். காப்பி கொடுத்துவிட்டு, "ஜெபிக்கிறதுக்கு முன்னால ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடும்மா" என்றேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லை. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பயணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. மறுநாள் காலையே அவளை அழைத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ் பக்கமுள்ள பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நானும் போனேன்.